பதினோர் இலையும் ஒரு ‘நா’வும்

ஓர் உயிரைத் தண்ணீர் கொடுத்தே கொல்ல முடியும் என்பதை நான் என்னுடைய நாற்பத்தைந்தாம் வயதில்தான் அறிந்தேன். அதுவரை, தண்ணீர் கொடாமல் விடுவது பாவம் என்றும், கொடுப்பது எந்நிலையிலும் புண்ணியம் என்றும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை உடைத்த செடியைப் பற்றியும், அதற்கு நான் இழைத்த கொடுமையைப் பற்றியும், அதன் பொருட்டு என் குடும்பம் இருந்த வீட்டை இழக்கவிருந்ததைப் பற்றியும் மறைக்காமல் எழுதிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன். (“எழுதுங்க. ஆனா நான் தடுத்தேன்னும் எழுதுங்க” என்கிறாள் என் மனைவி கோமதி. எழுதிவிட்டேன்.)

நான் பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு, எங்கெங்கோ வேலை பார்த்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவின் கிடர்பூரில், கப்பல் சரக்குக் காகிதங்களைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தேன். ஆங்கிலத்தையும் இந்தியையும் எவர் உதவியுமின்றி நூல்களைக் கொண்டே கற்றவன் என்னும் பெருமிதம் எனக்கு உண்டு. ஆகவே வந்து சேர்ந்த முதல் மாதமே, கல்லூரித் தெரு நடைபாதையில் வங்காள மொழியைத் தானே கற்றுக்கொள்ள உதவும் பழைய நூல் ஒன்றை வாங்கினேன். அதன் நடுவில் ஒரு கற்றைத் தாள்கள் இல்லை. பதினாறாம் பாடம் முடிந்ததும் இருபதாம் பாடம் தொடங்கியது. இடையிலுள்ள மூன்று பாடங்களில் அப்படியென்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று எண்ணினேன். (இருந்தது.)

காணாமற்போன பாடங்களை என் சொந்த ஆராய்ச்சியால் நிரப்பிக்கொண்டேன். வங்காளத்தில் ‘நா’ என்றால் இல்லை என்று பொருள். ‘ஜானி நா’ என்றால் எனக்குத் தெரியாது. இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அலுவலகத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, ‘போஷுன் நா’ என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னொருவர் ‘கான் நா’ என்று சொல்லி இனிப்பு நிறைந்த தட்டை என் பக்கம் நகர்த்தினார். உட்காராதே, உண்ணாதே என்று சொல்பவர்கள் செய்யும் காரியங்களா இவை? பல வாரங்கள் சிந்தித்து ஒரு விதியைக் கண்டுபிடித்தேன். தன்னைப் பற்றிப் பேசும்போது இறுதியில் ‘நா’ வந்தால் மறுப்பு. எதிரே இருப்பவரை மரியாதையுடன் விளிக்கும்போது இறுதியில் ‘நா’ வந்தால் அது பணிவான வேண்டுகோள். நாம் ‘உட்காருங்களேன்’ என்கிறோம். அதிலுள்ள ‘ஏன்’ கேள்வியாகுமா? அதுபோலத்தான் இதுவும். இவ்விதியை என் குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதி இரண்டு கோடுகள் இட்டேன். அலுவலக நண்பர்களிடம் இதை விளக்கியிருந்தால் அன்றே திருத்தியிருப்பார்கள். ஆனால் ஆராய்ச்சியாளன் தன் முடிவைக் கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரியலாகாது என்பது என் கொள்கையாக இருந்தது.

நாங்கள் லேக் கார்டன்ஸ் பகுதியில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் தனியே வாழ்ந்தார். கணவரை இழந்தவர், பெண்கள் பள்ளியொன்றில் வங்காள மொழி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தி என்னும் பொருளில் அவரை ‘மாஷிமா’ என்று அழைத்தோம். அக்கம்பக்கத்து மூத்த பெண்மணிகளை அவ்வூரில் அப்படித்தான் அழைப்பார்கள். சங்கரலிங்கம் என்னும் என் பெயர் அவர் வாயில் ‘ஷொங்கொர் பாபு’ ஆயிற்று. எங்கள் ஒரே மகள் உமாவின் பெயரை மட்டும் அவர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்த உமா, மாலை வேளைகளில் மேல்தளத்தில் இருந்ததைவிடக் கீழ்த்தளத்தில் இருந்ததே அதிகம். தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சரளமாக வந்தது. (இதை நான் அப்போது ஒரு தகுதியாகக் கருதவில்லை.)

எனக்கு நாற்பத்தைந்து வயதான ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. எங்கள் வாடகை ஒப்பந்தம் முடியவிருந்தது. மாஷிமாவின் மைத்துனர் மகன் ஒருவன் மேல்தளத்தைத் தனக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். உமாவின் பள்ளி இரண்டு தெரு தள்ளி இருந்தது; அடுத்த ஆண்டு அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. அவ்வேளையில் ஊரின் மறுகோடிக்குக் குடிபெயர்வது என்றால் அவள் படிப்பு என்னாகும் என்று கோமதி கலங்கிப் போனாள். நான் மாஷிமாவிடம் கேட்டேன்.

“தில்லியில மகளுக்குப் பிரசவம். போயிட்டு வந்து சொல்றேன், ஷொங்கொர் பாபு” என்றார் அவர். பிறகு சற்று யோசித்து, “அதுவரைக்கும் என் கோகாவை நீங்க பார்த்துக்கணும்” என்றார்.

‘கோகா’ என்றால் சிறுவன், செல்லப் பையன். அவர் அப்படி அழைத்தது தம் கூடத்தின் மூலையில் ஒரு பெரிய மண்தொட்டியில் நின்ற செடியை. மான்ஸ்டெரா என்னும் அதன் பெயரைப் பின்னாளில்தான் அறிந்தேன். முறம்போன்ற இலைகள், ஒவ்வோர் இலையிலும் யாரோ கத்தரித்தாற்போல் பிளவுகள், ஓட்டைகள். இறந்துபோன கணவர் அசாமிலிருந்து ஒரு சிறு துண்டாகக் கொண்டுவந்து நட்டதாம். ஞாயிறுதோறும் மாஷிமா அதன் இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். துடைக்கும்போது அதனுடன் மெல்லப் பேசுவார்.

செடி எங்கள் கூடத்திற்குக் கொண்டுவரப்பட்டதும் கோமதி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“புழு அரிச்ச எலைய நடு வீட்டுல வச்சுக் கொஞ்சிட்டு இருந்திருக்காங்க” என்றாள்.

“அது புழு இல்லம்மா. அது எலையே அப்படித்தான்” என்றாள் உமா.

“மீன் கழுவுன தண்ணி ஊத்தணும்னு சொல்லலல்லா?”

அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்பது தெரிந்த பிறகே அவளுக்கு மூச்சு வந்தது. நாங்கள் சைவர்கள்.

மாஷிமா புறப்பட்ட அன்று, வாசலில் டாக்சி நின்றுகொண்டிருந்தது. ஒரு காலை வண்டிக்குள் வைத்தபடி அவர் என்னிடம் திரும்பி, “ஷொங்கொர் பாபு, ரோஜ் ஜல் தேபேன் நா” என்றார். மேற்கொண்டும் ஏதோ சொன்னார். பின்னால் நின்ற லாரிக்காரன் அடித்த ஹாரனில் அது கரைந்துபோனது. ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ‘ரோஜ்’ என்றால் தினமும். ‘ஜல்’ என்றால் தண்ணீர். ‘தேபேன்’ என்றால் கொடுப்பீர்கள். அதன் இறுதியில் ஒரு ‘நா’. தினமும் தண்ணீர் கொடுங்களேன். வீட்டுக்காரர் என்னும் நிலையிலிருந்து இறங்கிவந்து ஒரு வாடகைதாரனிடம் இவ்வளவு பணிவாக வேண்டுகிறாரே என்று என் கண்கள் பனித்தன. கைகூப்பினேன்.

அன்று மாலையே செம்பு நிறையத் தண்ணீருடன் செடியின் முன் நின்றேன். உமா புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள்.

“அப்பா, மண்ணு ஈரமாத்தான இருக்கு. எதுக்கு ஊத்துறீங்க?”

“மாஷிமா உத்தரவு. ரோஜ் ஜல் தேபேன் நா.”

“அப்படியா சொன்னாங்க? அப்படின்னா ஊத்தாதீங்கன்னு அர்த்தம்பா.”

“ஏட்டி, ‘போஷுன் நா’ன்னா என்ன?”

“உட்காருங்க.”

“‘கான் நா’ன்னா?”

“சாப்பிடுங்க. ஆனா அது வேற, இது வேறப்பா.”

“எப்படி வேற? காரணம் சொல்லு பாப்போம்.”

பாவம், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தாய்மொழிபோல் ஒரு மொழியைப் பேசுபவர்களால் அதன் விதியைச் சொல்ல இயலாது என்பது என் நெடுநாள் கருத்து. “சும்மா கேட்டாலே தெரியும்பா” என்றாள். சும்மா கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் ஆராய்ந்து தெரிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அவளுக்குச் சற்று நீளமாகவே விளக்கினேன். விளக்கியவாறே ஊற்றினேன்.

“அவ சொல்லுதத கேளுங்களேன். நாள் பூரா அவங்களோட பேசுத பிள்ளை” என்றாள் கோமதி.

கேட்கவில்லை.

பத்து நாட்கள் கடந்தன. ஒரு நாள் காலையில் செடியின் இலை நுனிகளிலெல்லாம் தெளிந்த நீர்த்துளிகள் தொங்கின. ஒவ்வொன்றாகத் தரையில் சொட்டின. நான் திடுக்கிட்டுப் போனேன்.

“இங்க வந்து பாருங்க, இது அழுதுல்லா” என்றாள் கோமதி.

மாஷிமாவின் பிரிவைத் தாங்காமல் அழுகிறது என்பது அவள் கருத்து. புழுக்கத்தால் வியர்க்கிறது என்பது என் கருத்து. வியர்த்தவர்க்குத் தண்ணீர் கொடுப்பதே முறை என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றினேன். அளவுக்கு மேல் நீர் குடித்த செடி, தாங்க இயலாத நீரை இலை நுனி வழியே வெளியேற்றும் என்பது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது. அது கைகூப்பி ‘போதும், போதும்’ என்றிருக்கிறது. நான் ‘இன்னும் கொஞ்சம்’ என்று பரிமாறியிருக்கிறேன்.

அடுத்த வாரம் அடியிலிருந்த இலை மஞ்சளானது. அதற்கு மேலிருந்ததும் மஞ்சளானது. தொட்டியைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொடிப் பூச்சிகள் பறந்தன. ஒன்று கோமதியின் ரசத்தில் விழுந்தது. லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் ஊர் அண்ணாச்சியிடம் ஆலோசனை கேட்டேன். “எல பழுக்குன்னா செடிக்குச் சூடு பிடிச்சிருக்கு, சார். புளிச்ச மோருல பெருங்காயத்தக் கரைச்சு விடுங்க. எங்க ஆச்சி கறிவேப்பிலைக்கு அப்படித்தான் விடுவா” என்றார் அவர். கறிவேப்பிலைக்கும் அசாம் காட்டுச் செடிக்கும் உள்ள உறவுமுறையை நான் விசாரிக்கவில்லை. விட்டேன். கூடம் முழுவதும் ஊறுகாய்ச் சாடிக்குள் உட்கார்ந்திருப்பது போன்ற மணம் வீசிற்று.

இறுதியில், இந்த வழக்கை உரியவரிடமே கொண்டுசெல்வதென்று தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குத் தனியாகச் சென்று தில்லிக்குப் பேசினேன். மழையில் கம்பி கரகரத்தது.

“மாஷிமா, இலை மஞ்சளாகிறது. நான் தண்ணீர் கொடுக்கிறேன்” என்று என் திருந்திய வங்காளத்தில் கத்தினேன்.

மறுமுனையில் அவர் பதறியது எனக்கு நன்றாகக் கேட்டது. “ஜல் தேபேன் நா, ஷொங்கொர் பாபு… ஏக்தம் தேபேன் நா… நா… நா…” என்றார். பிறகு இணைப்பு அறுந்துபோனது.

நான் கூண்டிலேயே நின்று அச்சொற்களை விரல்விட்டு எண்ணினேன். ‘ஏக்தம்’ என்றால் முற்றிலும், கட்டாயமாக. ஒரே மூச்சில் நான்கு ‘நா’க்கள். ஒரு ‘நா’ வேண்டுகோள் என்றால் நான்கு ‘நா’ மன்றாட்டு அல்லவா? ஓர் ஆசிரியை, என் தாயின் வயதை ஒத்தவர், என்னிடம் மன்றாடும்படி அந்தச் செடியை நான் தாகத்தில் வைத்திருந்தேனே என்று வெட்கினேன். அன்று முதல் காலை, மாலை இரு வேளையும் ஊற்றினேன்.

செய்தியைக் கேட்ட உமா புத்தகத்தை மூடிவிட்டாள்.

“ஏக்தம் தேபேன் நா-ன்னா ஊத்தவே ஊத்தாதீங்கன்னு அர்த்தம்பா” என்றாள்.

“அவங்க குரல நீ கேக்கல. நான் கேட்டேன். கெஞ்சுனாங்க.”

“ஆமா, கெஞ்சித்தான் இருப்பாங்க” என்றாள். அவள் சொன்னதன் முழுப் பொருளை நான் அப்போது உணரவில்லை.

மறுநாள் செடியில் ஓர் இலை குறைந்திருந்தது. மஞ்சள் இலை அன்று. உச்சிப் பக்கமிருந்த நல்ல பசிய இலை, தண்டோடு காணவில்லை. வெட்டுவாய் நேராக இருந்தது. வீட்டை அலசிவிட்டுக் காகம் என்று முடிவு செய்தேன். (மழைக்காக ஜன்னல்கள் ஒரு வாரமாகச் சாத்தியிருந்தன. ஆராய்ச்சியாளன் அதைக் கணக்கில் கொள்ளவில்லை.)

மாஷிமா வரும் நாளைக் குறித்துக் கடிதம் வந்தபோது, ஒப்படைக்கப்பட்ட பதினோர் இலைகளில் நான்கு மட்டுமே எஞ்சியிருந்தன. அவையும் எஞ்சியிருந்தன என்று சொல்லத்தக்க நிலையில் இல்லை. வீடு போயிற்று, உமாவின் படிப்பு போயிற்று என்று கோமதி சமையலறையில் மூக்கைச் சிந்தினாள். இதன் பிறகு நான் செய்த காரியத்தை எழுத என் கை கூசுகிறது. கரியாஹாட் நடைபாதைக்குச் சென்றேன். அங்கே பிளாஸ்டிக் பூக்களும் இலைகளும் விற்பார்கள். மாஷிமாவின் செடியை அச்சில் வார்த்தது போன்ற ஓட்டை இலைகள் ஏழு வாங்கினேன். தைக்கும் பச்சை நூலால் அவற்றைத் தண்டில் ஒவ்வொன்றாகக் கட்டினேன். நான்கும் ஏழும் பதினொன்று.

“நீங்களா இப்படி?” என்றாள் கோமதி. அலுவலகத்தில் ஒரு தாளைக்கூடச் சொந்தக் காரியத்துக்கு எடுக்காதவன் நான். அவள் திகைப்பில் நியாயம் இருந்தது.

“ஒரு வாரம் போதும். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டதும் மெல்ல உண்மையச் சொல்லிருதேன்.”

மாஷிமா வந்தார். கீழே பெட்டியை வைத்த கையோடு மேலே ஏறி வந்தார். பேரன் பிறந்திருந்தான், கையில் இனிப்புப் பொட்டலம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “கோகா எப்படி இருக்கான்?” என்றார். நான் செடியைச் சுட்டினேன். மாலை வெளிச்சத்தில் அது கம்பீரமாகவே நின்றது. அவர் முகம் மலர்ந்தது. எனக்கு உயிர் வந்தது.

“தூசி படிஞ்சிருக்கே” என்று சொல்லிவிட்டு, முந்தானையின் நுனியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, கணவரின் செடியை இரண்டு மாதத்திற்குப் பிறகு முதன்முறையாகத் துடைக்கத் தொடங்கினார். ஏதோ மெல்லிய குரலில் பேசினார். இரண்டாவது இலையைத் துடைக்கையில் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

இலை அவர் கையில் இருந்தது.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் பொன்னிறத்தில், அதைச் செய்த கம்பெனியின் பெயர் அச்சிட்ட ஒரு வட்டத் தாள் ஒட்டியிருந்தது. அதை நான் உரிக்க மறந்திருந்தேன். பிறகு ஒரு விரலை மண்ணில் வைத்தார். விரல் எளிதாக உள்ளே இறங்கிற்று. சுற்றிலும் தண்ணீர் ஊறி வந்தது. பெருங்காயம் மணத்தது. தண்டைப் பிடித்து லேசாகத் தூக்கினார். முழுச் செடியும் ஒரு முணுமுணுப்புமின்றி மேலே வந்தது. அடியில் வேரென்று ஒன்றும் இல்லை. கறுத்த கூழ் மட்டும் வழிந்தது.

மாஷிமா அப்படியே நாற்காலியில் அமர்ந்தார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

“எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணி விட்டீங்க?”

“தினமும். நீங்கள் தொலைபேசியில் கெஞ்சிய பிறகு இரண்டு வேளை.”

“நான் என்ன கெஞ்சினேன்?”

“ஜல் தேபேன் நா என்று.”

“ஆமா. சொன்னேன். பிறகு ஏன் ஊத்தினீங்க?”

“நீங்கள் ஊற்றச் சொன்னதால்.”

அவர் என்னையே பார்த்தார். கோமதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தப்ப வழியில்லை என்று கண்டு, அலமாரியிலிருந்து குறிப்பேட்டைக் கொண்டுவந்து, சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடுகள் இட்டிருந்த விதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். போஷுன் நா, கான் நா என்னும் சான்றுகளையும் சமர்ப்பித்தேன். வாழ்நாளெல்லாம் வங்காளம் கற்பித்த ஆசிரியை வாயைச் சற்றே திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஷொங்கொர் பாபு” என்றார் கடைசியில். “‘தின் நா’ன்னு சொல்லியிருந்தா, கொடுங்களேன்னு அர்த்தம். போஷுன், கான், தின் இதெல்லாம் இப்பவே செய்யச் சொல்றது. அதோட ‘நா’ சேர்ந்தா வேண்டுகோள். ‘தேபேன்’ இனிமே செய்யப் போறது. ‘பேன்’ வந்து, பின்னாடி ‘நா’ வந்தா, செய்யக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலயும் பதினேழாம் பாடத்துக்குள்ள வந்துடுமே.”

பதினேழாம் பாடம். அந்தக் கணத்தில் என் கல்கத்தா வாழ்க்கை முழுவதும் என் கண்முன் தலைகீழாகத் திரும்பிற்று. பேருந்தில் நடத்துநர் ‘தாக்கா தேபேன் நா’ என்று கூவும்போதெல்லாம், தள்ளுவதற்குக்கூட இவ்வளவு மரியாதையாக அழைக்கிறார்களே என்று வியந்து, அழைப்பை ஏற்று முன்னே நின்றவரைத் தள்ளியிருக்கிறேன். பூஜைப் பந்தலில் ‘ஹாத் தேபேன் நா’ என்ற அட்டையைப் படித்துவிட்டு, தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று கோமதியையும் அழைத்துச் சென்று அலங்காரத்தைத் தொட வைத்திருக்கிறேன். பாய்ந்துவந்து கையைத் தட்டிவிட்ட தொண்டரைப் பண்பற்றவர் என்று கண்டித்தும் இருக்கிறேன். எல்லாவற்றிலும் கொடியது, உமாவுக்குக் காய்ச்சல் கண்டபோது மருத்துவர் என் தோளில் கைவைத்து, ‘சிந்தா கொர்பேன் நா’ என்று சொன்னது. கவலைப்படாதீர்கள் என்றிருக்கிறார் அந்தப் புண்ணியவான். கவலைப்படுங்கள் என்று மருத்துவரே சொல்லிவிட்டாரே என்று நான் மூன்று நாட்கள் உணவின்றிக் கிடந்தேன்.

இதை நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலும்.

“அடப்பாவி” என்றாள் கோமதி. (கணவனை அவள் அப்படி அழைத்தது அந்த ஒரு முறைதான், அதுவும் தன்னை மறந்து.) “அன்னைக்கு நானும்லா பட்டினி கெடந்தேன்.”

மாஷிமா சிரிக்கவில்லை. கூழாகிப்போன தண்டை மடியில் வைத்துக்கொண்டு, “அவர் கையால நட்டது” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லுக்கு முன் என் விதி, சான்று, குறிப்பேடு எதுவும் நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எந்த மொழியிலும் சொல் வரவில்லை. தமிழில் நாவென்றால் நாக்கு. அது ஒட்டிக்கொண்டது.

அப்போது குளியலறைப் பக்கமிருந்து உமா வந்தாள். அவள் கையில் எலுமிச்சை ஊறுகாய் வந்த கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்தது. அதில் தெளிந்த தண்ணீர். தண்ணீரில் ஒரு சாண் தண்டு. தண்டின் மேல் ஒரே ஓர் ஓட்டை இலை, அதன் பக்கத்தில் சுருண்ட இளங்குருத்து. அடியில் நான்கைந்து வெள்ளை வேர்கள் நூல்போல் இறங்கியிருந்தன.

“அப்பா போன் பேசிட்டு வந்தாங்கள்ல, அதுக்கு மறுநாளே வெட்டி வச்சுட்டேன், மாஷிமா. குளியலறை ஜன்னல்ல, சீயக்காய் டப்பாவுக்குப் பின்னால இருந்தது” என்றாள். இதை அவள் வங்காளத்தில் சொன்னாள். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.

என் காகம் பதினான்கு வயதில், இரட்டைப் பின்னலுடன் என் முன் நின்றது. நான் நாள்தோறும் அந்த ஜன்னலின் கீழ் நின்றுதான் குளித்திருக்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றி நான் கொன்ற செடி, தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு பாட்டிலில் உயிர் பிழைத்திருந்தது. இதற்குரிய விதியை நான் இன்றுவரை ஆராயத் துணியவில்லை.

மாஷிமா பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் வேர்களைப் பார்த்தார். “கோகா” என்றார், பாட்டிலைப் பார்த்து. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே முந்தானையால் அந்த ஒற்றை இலையையும் துடைத்தார். அது உதிரவில்லை.

பிறகு எழுந்தார். படிக்கட்டு வரை நடந்து, திரும்பி நின்று, வகுப்பறையில் கேள்வி கேட்கும் குரலில் என்னிடம் சொன்னார்:

“ஷொங்கொர் பாபு. ஏ பாடி சாட்பேன் நா.”

‘ஏ பாடி’ என்றால் இந்த வீடு. ‘சாட்பேன்’ என்றால் விட்டுப் போவீர்கள். இறுதியில் அந்த ‘நா’. பழைய விதி என் எலும்பு வரை ஊறியிருந்தது. வீட்டைக் காலி செய்யுங்களேன் என்று அவர் பணிவுடன் வேண்டுவதாகவே அது என் செவியில் ஒலித்தது. “ஒரு மாதமாவது தவணை…” என்று ஆரம்பித்தேன்.

உமா என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அப்பா. பேன். நா. பேனா” என்றாள்.

நான் பேனாவைப் பார்த்தேன். பேனாவுக்குப் பின்னால் மாஷிமாவைப் பார்த்தேன். அவர் புருவத்தை உயர்த்தியபடி, விடைத்தாளுக்குக் காத்திருப்பவர்போல் நின்றார்.

“போக… வேண்டாம்?” என்றேன், தமிழிலேயே.

உமா மொழிபெயர்த்தாள். அப்போதுதான் அவர் சிரித்தார். இரண்டு மாதப் பயணக் களைப்பும் துக்கமும் கலந்த அந்தச் சிரிப்பு படிக்கட்டில் இறங்கிக் கீழ்த்தளம் வரை கேட்டுக்கொண்டே போனது. வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் ஞாயிறுதோறும் காலையில் நான் கீழே வந்து அவரிடம் பதினேழாம் பாடத்திலிருந்து படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. படித்தேன். புதிதாக நட்ட கோகாவின் அருகே அமர்ந்து, அதைத் தொடக் கூடாது என்னும் ஆணையுடன் படித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ‘வேண்டாம்’ என்னும் சொல் வழக்கொழிந்துவிட்டது. உணவுத் தட்டில் கோமதி மூன்றாம் முறை சோறு போட வந்தால், சட்டைப் பையிலிருக்கும் பேனாவைத் தூக்கிக் காட்டுவேன். நான் அரசியல் பேசத் தொடங்கினால், விருந்தினர் எதிரிலேயே அவள் ஒரு பேனாவைத் தேடுவாள். உமாவின் திருமணப் பேச்சில், எனக்குப் பிடித்த ஒரு வரனைப் பற்றி நான் விரிவாகப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, அவள் எதிரே அமர்ந்து ஒரு பேனாவை மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, மாஷிமா ஒரு சாண் தண்டை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி உமாவிடம் கொடுத்தார், என்னிடம் கொடுக்கவில்லை. அது இப்போது உமாவின் புனே வீட்டுக் கூடத்தில் கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் அவளும் மருமகனும் பத்து நாட்கள் வெளியூர் சென்றார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நானும் கோமதியும் போயிருந்தோம். முதல் நாள் மாலை, பழைய பழக்கத்தில், செம்பு நிறையத் தண்ணீருடன் அந்தச் செடியை நெருங்கினேன். குறிப்பு ஏதும் எழுதி வைத்திருக்கவில்லை அவள். தொட்டியின் நடுவே, மண்ணில் பாதி புதைத்து, மூடி போட்ட பழைய நீலப் பேனா ஒன்றை நட்டிருந்தாள்.

நான் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.